பத்து விழுக்காடு சாட்சி ஆகாது

‘ஒவ்வோர் அளவுருவையும் பத்து விழுக்காடு ஏற்றியும் பத்து விழுக்காடு இறக்கியும் ஓட்டிப் பார்த்தோம். முடிவுகள் பெரிதாக மாறவில்லை. ஆகவே மாதிரி நம்பத்தக்கது.’ காட்டுயிர்களின் எதிர்காலத்தைக் கணினியில் கணித்துப் பார்க்கும் ஆய்வுக் கட்டுரைகளில் இந்த மூன்று வாக்கியங்கள் ஏதாவதொரு வடிவில் வந்துவிடுகின்றன. பெரும்பாலும் கடைசிப் பக்கங்களில், ஓர் அட்டவணையோடு வருகின்றன. அட்டவணையின் உச்சியில் நிற்கும் அளவுரு முக்கியமானது என்றாகிறது. அடியில் கிடப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம் என்றாகிறது. பிறகு அந்த அட்டவணை மேலாண்மைத் திட்டங்களுக்குள் நுழைகிறது. வேட்டைத் தடுப்புக் காவலர்களை எங்கே நிறுத்துவது, மான்களுக்கான புல்வெளிக்கு எவ்வளவு பணம் ஒதுக்குவது என்று முடிவெடுப்பவர்களின் கைக்குப் போகிறது.

இந்தச் சோதனைக்கு உணர்திறன் பகுப்பாய்வு என்று பெயர். ஒவ்வொரு விலங்கையும் தனித்தனியாகப் பிறக்க வைத்து, அலைய வைத்து, இணை சேர வைத்து, சாக வைக்கும் தனியுயிர் மாதிரிகளைப் பொறுத்தவரை, இந்தப் பத்து விழுக்காட்டுச் சோதனை எதையும் நிறுவுவதில்லை என்கிறேன். அது மாதிரியின் உறுதியைக் காட்டாது. எந்தக் காரணி முக்கியம் என்பதையும் காட்டாது. பல வேளைகளில் உண்மைக்கு நேர் எதிரான வரிசையை நம் கையில் கொடுத்துவிடும். அதை ஒரு சிறு குறை என்றோ, காலப்போக்கில் சரியாகிவிடும் என்றோ விட்டுவிட எனக்கு மனமில்லை, ஏனென்றால் விலை கொடுப்பது விலங்குகள்.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்பதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அதற்கு ஒரு பெருமைமிக்க பிறப்பிடம் உண்டு. 1987-இல் டெபோரா க்ரௌஸ், லாரி க்ரௌடர், ஹால் காஸ்வெல் மூவரும் அமெரிக்காவின் தென்கிழக்குக் கடற்கரையில் முட்டையிடும் பெருந்தலைக் கடலாமைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். ஆமையின் வாழ்வை ஏழு பருவங்களாகப் பிரித்து, ஒவ்வொரு பருவத்திலும் பிழைக்கும் வீதத்தையும் முட்டையிடும் வீதத்தையும் ஓர் அணியில் அடுக்கினார்கள். அந்த அணியிலிருந்து, ஆமைத்தொகை ஆண்டுக்கு எத்தனை மடங்காகும் என்ற ஒரே ஓர் எண் கிடைக்கும். எந்த வீதத்தைத் தொட்டால் அந்த எண் அதிகம் அசைகிறது என்று பார்த்தபோது, அதுவரை நடந்த பாதுகாப்புப் பணியின் அடித்தளமே ஆட்டங்கண்டது. கரையில் முட்டைகளைக் காப்பதில்தான் எல்லாருடைய உழைப்பும் போய்க்கொண்டிருந்தது. முதலாண்டில் ஒன்றுகூடச் சாகாமல் பிழைத்தாலும் சரிவு நிற்காது என்றது கணக்கு. கடலில் வளரும் பெரிய இளம் ஆமைகள் பிழைக்க வேண்டும், அவை இறால் இழுவலைகளில் மூழ்கிச் சாகின்றன என்பது தெளிவானது. வலையிலிருந்து ஆமை வெளியேற வழிவிடும் சாதனத்தைக் கட்டாயமாக்கும் போராட்டத்துக்கு அந்தக் கணக்கு பெரும் வலுச்சேர்த்தது. சூழலியலில் ஒரு கணிதக் கருவி நேரடியாக உயிர்களைக் காத்த தருணங்களில் அது ஒன்று.

அங்கே அது செல்லுபடியானதற்குக் காரணம் இருந்தது. அணி மாதிரியில் விடை ஒரே எண். அந்த எண் ஒவ்வொரு வீதத்தோடும் வழவழப்பாக, திடீர்த் தாவல் இல்லாமல் மாறுகிறது. சிறு மாற்றத்துக்கு எவ்வளவு அசைவு என்பதைச் சூத்திரத்தால் துல்லியமாக எழுதிவிடலாம். தற்செயல் என்பதற்கு அந்தக் கணக்கில் இடமில்லை. அந்தத் துல்லியத்தின் மீது எழுந்த நம்பிக்கையைத்தான் சூழலியலாளர்கள் பின்னாளில் முற்றிலும் வேறு இயல்புடைய மாதிரிகளுக்கு எடுத்துச் சென்றார்கள். பழக்கம் கூடவே வந்தது. அதைத் தாங்கி நின்ற கணிதம் வரவில்லை.

தனியுயிர் மாதிரியில் சூத்திரம் கிடையாது. 1972-இல் டேனியல் பாட்கினும் அவருடன் பணியாற்றியவர்களும் நியூ ஹாம்ப்ஷயர் காட்டை வைத்து உருவாக்கிய ஜபோவா மாதிரி ஒவ்வொரு மரத்தையும் தனியே வளர்த்தது. பெரிய மரம் ஒன்று விழுந்தால் அதன் நிழலில் நின்ற கன்றுகளுக்கு வெளிச்சம் கிடைக்கும், காட்டின் போக்கே மாறும். விலங்குகளுக்கு வந்தபோது சிக்கல் இன்னும் கூடியது. ஒரு பெண்புலி செத்தால் அவளுடைய எல்லைக்குள் யார் வருகிறார், ஆண் மாறினால் குட்டிகளின் கதி என்ன, தாயைப் பிரிந்த இளம்புலி எந்தத் திசையில் போகிறது என்பதெல்லாம் தனித்தனி நிகழ்வுகள். ஒன்று மற்றொன்றைத் தூண்டும். ஒவ்வொன்றிலும் தற்செயல் எண் ஒன்று உருண்டுகொண்டிருக்கும். தொகையின் வளர்ச்சி இந்த நிகழ்வுகளிலிருந்து எழுகிறது. அதை யாரும் முன்கூட்டியே எழுதி வைப்பதில்லை. இப்படி எழும் ஒன்றின் போக்கை, ஒரு புள்ளியைச் சுற்றிச் சற்றே தட்டிப் பார்த்து அறிந்துவிடலாம் என்று நம்ப எந்த ஆதாரமும் இல்லை.

புலிகளையே எடுத்துக்கொள்வோம். 1995-இல் ஜான் கென்னி, டேவிட் ஸ்மித், ஆன்டனி ஸ்டார்ஃபீல்ட், சார்ல்ஸ் மெக்டூகல் நால்வரும் நேபாளத்தின் சித்வன் காட்டில் இருபது ஆண்டுகள் திரட்டிய கள விவரங்களைக் கொண்டு ஒரு தனியுயிர் மாதிரியை வெளியிட்டார்கள். கேள்வி எளிது: கள்ளவேட்டை நீடித்தால் என்ன ஆகும்? கிடைத்த விடையை ஒரு வளைவாகத்தான் காட்ட முடிந்தது. வேட்டை குறைவாக இருக்கும்வரை, புலிகள் அற்றுப்போகும் வாய்ப்பு ஏறக்குறைய தட்டையாகக் கிடக்கிறது. பிறகு ஒரு குறுகிய பகுதி வருகிறது. அங்கே வேட்டை சற்றே கூடினாலும் அழிவின் வாய்ப்பு செங்குத்தாக ஏறிவிடுகிறது. அதன்பின் மீண்டும் தட்டை, ஆனால் இம்முறை உச்சியில். கள்ளவேட்டை முதலில் ஆபத்தாகவே தெரியாது, பிறகு திடீரென்று ஆபத்தாகிவிடும் என்று அவர்கள் எச்சரித்தார்கள். வேட்டையை நிறுத்திய பிறகும் சிறுத்துப்போன தொகை தற்செயலாலேயே அழியக்கூடும் என்றும் சேர்த்துச் சொன்னார்கள்.

இந்த வளைவின் மேல் பத்து விழுக்காட்டுச் சோதனையை வைத்துப் பாருங்கள். அடிப்படை மதிப்பு இடப்பக்கத் தட்டையில் இருந்தால், வேட்டையைப் பத்து விழுக்காடு கூட்டினாலும் குறைத்தாலும் விடை அசையாது. கள்ளவேட்டை அட்டவணையின் அடிக்குப் போய்விடும். அடிப்படை மதிப்பு செங்குத்துப் பகுதிக்குள் இருந்தால் அதே கள்ளவேட்டை அட்டவணையின் உச்சிக்கு வந்துவிடும். மாதிரி ஒன்றுதான், புலிகளும் அவையேதான். மாறியது, ஆய்வாளர் தொடங்கத் தேர்ந்தெடுத்த இடம் மட்டும். அந்த இடமோ நமக்கு உறுதியாகத் தெரியாத ஒன்று, ஏனென்றால் கள்ளவேட்டைக்காரர்கள் கணக்குக் கொடுப்பதில்லை. தெரியாத ஒரு புள்ளியில் நின்றுகொண்டு, அங்கிருந்து சிறிது தூரம் நடந்து பார்த்து, நிலம் சமமாக இருக்கிறது என்று அறிவிப்பதைத்தான் உறுதித்தன்மை என்று அச்சிடுகிறோம்.

இந்தியாவின் சரிஸ்கா புலிகள் காப்பகத்தில் ஒரு புலிகூட மிஞ்சவில்லை என்பது 2005-இல் உறுதியானது. பன்னாவில் அதே செய்தி 2009-இல் வந்தது. கணக்கெடுப்பின் குறைகளும் மறைப்புகளும் அங்கே பெரும்பங்கு வகித்தன. எல்லாப் பழியையும் ஒரு வளைவின் மேல் போட மாட்டேன். ஆனால் மெல்லத் தேய்ந்து, எல்லாருக்கும் எச்சரிக்கை கொடுத்து, பிறகு அழிவது என்பது புலித்தொகைகளின் கட்டாயமான நடத்தை அல்ல என்பதை அந்த இரண்டு காடுகளும் காட்டிவிட்டன. வழவழப்பான உலகத்துக்காக வடிவமைத்த சோதனை இப்படிப்பட்ட உலகத்தில் குருடாகிறது.

இதே புலிகளைச் சுற்றி இன்னொரு விவாதமும் நடந்தது. 1999-இல் உல்லாஸ் கரந்தும் பிராட்லி ஸ்டித்தும் வேறொரு மாதிரியை முன்வைத்து, இரைவிலங்குகளின் குறைவே புலித்தொகையை வீழ்த்தும் முதன்மைக் காரணம் என்று வாதிட்டார்கள். இரை குறைந்தால் காடு தாங்கக்கூடிய பெண்புலிகளின் எண்ணிக்கை குறைகிறது, குட்டிகள் பிழைப்பதும் குறைகிறது, தொகை விரைந்து சுருங்குகிறது என்பது அவர்கள் வாதம். 2008-இல் கியோம் ஷாப்ரோனும் அவருடன் ஆய்ந்தவர்களும், வளர்ந்த பெண்புலிகளின் ஆண்டு இறப்பு ஏறத்தாழ 15 விழுக்காட்டைத் தாண்டுவதைப் புலிகள் தாங்கமாட்டா என்று காட்டி, கள்ளவேட்டையை மீண்டும் நடுவில் கொண்டுவந்தார்கள். கென்னி குழுவினருடையது உட்பட இந்த மூன்று ஆய்வுகளையும் நான் மதிக்கிறேன். மூன்றும் உழைப்பின் விளைவு, மூன்றும் ஒரு காரணியின் முழுப் போக்கையும் ஆராய முயன்றவை. ஆனால் இவற்றுக்கு இடையிலான வேறுபாட்டைப் பத்து விழுக்காட்டு அட்டவணைகளைக் கொண்டு தீர்த்துவிடலாம் என்று யாராவது நினைத்தால், அந்த நினைப்பைத்தான் உடைக்க வேண்டும்.

அதற்கு மேலே சொன்ன 15 விழுக்காட்டையே எடுத்துக்கொள்கிறேன். வளர்ந்த பெண்புலி ஓர் ஆண்டில் பிழைக்கும் வாய்ப்பு 0.95 என்று ஒருவர் தம் மாதிரியில் எழுதுகிறார். பத்து விழுக்காடு கூட்டினால் 1.045. நூறு புலிகளில் நூற்றுநான்கரைப் புலிகள் பிழைக்க வேண்டும். ஆகவே மேல்நோக்கிய சோதனை நடக்காது, அல்லது ஒன்றில் வெட்டி நிறுத்தப்படும். பத்து விழுக்காடு குறைத்தால் 0.855. அதாவது இறப்பு 5 விழுக்காட்டிலிருந்து 14.5 விழுக்காட்டுக்குத் தாவுகிறது. ஏறக்குறைய மூன்று மடங்கு. எனினும் 15-ஐ எட்டவில்லை. விளிம்புக்குச் சற்று முன்னால் சோதனை நின்றுவிடுகிறது, தொகை தப்பித்துக்கொள்கிறது. இன்னொருவர் 0.92 என்று தொடங்குகிறார். பத்து விழுக்காடு குறைத்தால் 0.828, இறப்பு 17.2 விழுக்காடு. விளிம்பைக் கடந்தாகிவிட்டது, தொகை சரிகிறது. கள அளவீட்டின் பிழைக்குள் அடங்கிவிடக்கூடிய 0.03 வேறுபாடு ஒருவரை ‘உறுதியானது’ என்றும் மற்றவரை ‘மிகு உணர்திறன்’ என்றும் எழுத வைக்கிறது.

இதே கணக்கில் இன்னும் ஆழமான கோளாறு ஒன்று ஒளிந்திருக்கிறது. குட்டிகள் பிழைக்கும் வாய்ப்பு 0.60 என்று வைத்துப் பத்து விழுக்காடு குறையுங்கள்: 0.54. இறப்பு 40-லிருந்து 46 ஆகிறது, 15 விழுக்காடுதான் உயர்வு. வளர்ந்த புலிக்கோ இறப்பு 190 விழுக்காடு உயர்ந்தது. இரண்டையும் ‘பத்து விழுக்காடு மாற்றம்’ என்ற ஒரே தலைப்பின்கீழ் ஒப்பிட்டு, வளர்ந்த புலிகளின் பிழைப்புத்தான் முக்கியம் என்று அட்டவணை சொல்கிறது. மாதிரியில் பிழைப்பு வீதத்துக்குப் பதிலாக இறப்பு வீதத்தை எழுதியிருந்தால் என்ன ஆகும்? அதே மாதிரி, அதே காடு. வளர்ந்த புலியின் இறப்பு 5-லிருந்து 5.5 ஆகும், குட்டியின் இறப்பு 40-லிருந்து 44 ஆகும். அட்டவணையின் வரிசை தலைகீழாகிவிடலாம். ஒரு நிரலாளர் மாறிக்கு எந்தப் பெயர் வைத்தார் என்பதைப் பொறுத்து பாதுகாப்பின் முன்னுரிமை மாறுமானால், அந்த வரிசை புலியைப் பற்றி நமக்கு எதுவும் சொல்லவில்லை.

பத்து என்ற எண்ணுக்கு உயிரியலில் பொருளே கிடையாது. சில அளவுருக்களை ரேடியோ கழுத்துப்பட்டை கட்டிப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து நெருக்கமாக அறிந்திருக்கிறோம். சிலவற்றை, குறிப்பாகப் புதிய வாழிடம் தேடிப் போகும் இளம் விலங்குகள் வழியில் எத்தனை சாகின்றன என்பதை, அநேகமாக ஊகித்துத்தான் எழுதுகிறோம். ஊகத்தின் வரம்பு ஐந்து மடங்காகக்கூட இருக்கலாம். இரண்டுக்கும் ஒரே பத்து விழுக்காட்டைக் கொடுத்தால், நமக்கு நன்றாகத் தெரிந்ததைத் தேவைக்கு மேல் சந்தேகித்து, சுத்தமாகத் தெரியாததைச் சந்தேகிக்காமல் விட்டுவிடுகிறோம்.

தற்செயலின் பங்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம், எளிய கணக்குதான். நூறு முறை மாதிரியை ஓட்டி, அற்றுப்போகும் வாய்ப்பு 0.20 என்று கண்டால், அந்த மதிப்பின் திட்டப் பிழை 0.04. ஆகவே 0.20-க்கும் 0.26-க்கும் உள்ள வேறுபாடு வெறும் தற்செயலாக இருக்கலாம். பிழையை 0.01-க்குக் கொண்டுவர 1,600 முறை ஓட்ட வேண்டும், ஒவ்வோர் அளவுரு மதிப்புக்கும். சிறு மாற்றத்தால் வரும் சிறு விளைவை, சில பத்து ஓட்டங்களின் இரைச்சலுக்குள் தேடி, அப்படிக் கிடைத்ததை வரிசைப்படுத்தி அச்சிடும் கட்டுரைகளில் அந்த வரிசையின் பாதி தற்செயல் எண்களின் விளையாட்டாகவே இருக்கக்கூடும்.

ஒன்றை மட்டும் மாற்றி மற்றவற்றை அசையாமல் வைக்கும் முறை இன்னொரு பெரிய வெற்றிடத்தை விட்டுச்செல்கிறது. ஆண்ட்ரியா சால்டெல்லியும் பாவோலா அன்னோனியும் 2010-இல் இதை வடிவியலால் காட்டினார்கள். அளவுருக்களின் எல்லா மதிப்புகளும் சேர்ந்து ஒரு கனசதுரம் என்றால், ஒன்றொன்றாக மாற்றும் சோதனையின் புள்ளிகள் அனைத்தும் அதனுள் அடங்கும் ஒரு கோளத்துக்குள்ளேயே இருந்துவிடுகின்றன. மூன்று அளவுருக்கள் இருந்தால் கோளம் கனசதுரத்தின் பாதிக்குச் சற்று மேல். பத்து அளவுருக்கள் இருந்தால் 0.25 விழுக்காடு. சாதாரணத் தனியுயிர் மாதிரியில் பத்தைவிட அதிகமான அளவுருக்கள் இருக்கும். சோதனை தொடாத அந்தப் பெரும் வெளியில்தான் நிஜக் காடு இருக்கிறது: இரை குறைந்தபோது கள்ளவேட்டையும் கூடுகிறது, வறட்சி வந்தபோது கால்நடைகள் காட்டுக்குள் ஏறுகின்றன, எல்லை சுருங்கியபோது ஆண்புலிகள் மோதுகின்றன. இழப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக வரும்போதே தொகைகள் உடைகின்றன. ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதித்து, தனித்தனியே தாங்கிக்கொள்கிறது என்று காட்டுவது எதையும் காட்டியதாகாது.

இதுவரை சொன்னதெல்லாம் எண்களைப் பற்றியது. தனியுயிர் மாதிரியின் உயிர்நாடி எண்களில் இல்லை, விதிகளில் இருக்கிறது. விலங்கு எதைப் பார்த்து, எதை எடைபோட்டு, எங்கே போகிறது என்பதுதான் அந்த விதி. ஸ்டீவன் ரெயில்ஸ்பேக்கும் பிரெட் ஹார்வியும் 2002-இல் வெளியிட்ட ஓடைமீன் ஆய்வு இதற்கு நான் அறிந்தவற்றில் மிகச் சிறந்த சான்று. கலிஃபோர்னிய ஓடையொன்றின் ட்ரவுட் மீன்கள் எந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கின்றன என்பதற்கு மூன்று விதிகளை எதிரெதிரே நிறுத்தினார்கள். முதல் விதியில் மீன் உடனடி வளர்ச்சியை அதிகமாக்கும் இடத்துக்குப் போகிறது. இரண்டாவதில் உடனடி உயிர்ப்பாதுகாப்பை நாடுகிறது. மூன்றாவதில் இனப்பெருக்கம் செய்யும் அளவுக்கு உயிரோடு வளர்ந்து சேரும் வாய்ப்பை, வரவிருக்கும் நாட்களையும் கணக்கிட்டு எடைபோடுகிறது. களத்தில் அறிந்த ஆறு நடத்தைக் கோலங்களை வைத்து மூன்றையும் சோதித்தார்கள். ஆறையும் மீட்டெடுத்தது மூன்றாவது மட்டுமே.

முதல் விதியை வைத்துக்கொண்டு ஒருவர் எல்லா எண்களையும் பத்து விழுக்காடு ஏற்றி இறக்கியிருந்தால்? அழகான, அமைதியான அட்டவணை ஒன்று கிடைத்திருக்கும். தவறான விதியின் மேல் கட்டிய மாதிரி எண்களுக்கு அசையாமல் நிற்பதில் வியப்பு இல்லை. அந்த அசையாமையைச் சரியான தன்மை என்று எடுத்துக்கொண்டால் தவறுக்கே சான்றிதழ் கொடுத்ததாகிவிடும்.

இதன் மறுபக்கமும் உண்டு, அதை இன்னும் குறைவாகவே பேசுகிறார்கள். விலங்குகளுக்குத் தகவமைக்கும் விதி கொடுத்த மாதிரியில் ஓர் அளவுருவை மாற்றினால், உயிர்கள் தம் நடத்தையை மாற்றி அதை ஈடுகட்டிவிடும். உணவு குறைந்த இடத்திலிருந்து மீன் நகர்ந்துவிடும். மொத்தத் தொகை அசையாது. அட்டவணை ‘உணர்திறன் இல்லை’ என்கிறது, அளவுரு அடிக்குப் போகிறது, யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. உண்மையில் அங்கே ஒரு சூழலியல் கண்டுபிடிப்பு நடந்திருக்கிறது: உயிர்கள் எதைக் கொண்டு எதை ஈடுகட்டின, அதற்கு என்ன விலை கொடுத்தன, அந்த ஈடுகட்டல் எந்த இடத்தில் தீர்ந்துபோகும்? நகர இடமில்லாதபோது என்ன ஆகும்? அணைக்குக் கீழே நீர் குறைந்த ஓடையில் வாழும் மீனுக்கு இந்தக் கேள்விதான் வாழ்வும் சாவும். அட்டவணை அதைக் கேட்காமலே கடந்துவிடுகிறது.

எதிர்வாதங்களுக்கு வருகிறேன். அவற்றில் வலுவானது, ஒன்றொன்றாக மாற்றும் முறைக்கு ஆதரவாக 2016-இல் குஸ் டென் ப்ரூக்கும் அவருடன் எழுதியவர்களும் சொன்னது. மூன்று முறைகளை ஒப்பிட்டுப் பார்த்த அவர்கள், இத்தகைய மாதிரிகளை ஆராயத் தொடங்குவதற்கு ஒன்றொன்றாக மாற்றுவதே நல்ல இடம் என்றார்கள். மாதிரி எங்கே திடீரென்று திரும்புகிறது என்பதை அது கண்ணுக்குக் காட்டும் என்பது அவர்கள் காரணம். முழுமனத்தோடு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர்கள் சொல்வது ஓர் அளவுருவை அதன் முழு வரம்பிலும், பல புள்ளிகளில், பல ஓட்டங்களோடு நகர்த்திப் பார்ப்பதை. கென்னி குழுவினர் கள்ளவேட்டைக்குச் செய்தது அதுதான். அடிப்படைக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு புள்ளி வைத்துக் கோடு போடுவதற்கு அந்தக் கட்டுரையை அடைக்கலமாகக் காட்டுவது முறையல்ல.

‘கணினி நேரம் இல்லை’ என்பது அடுத்தது. மாறுபாட்டைப் பிரித்துப் பார்க்கும் சொபோல் முறையில், 20 அளவுருக்களுக்கு அடிப்படைப் புள்ளிகள் ஆயிரம் என்று வைத்தால், 22,000 அளவுருக் கூட்டங்கள் வேண்டும். ஒவ்வொன்றையும் 50 முறை ஓட்டினால் பதினொரு லட்சம் ஓட்டங்கள். பெரிய மாதிரிகளுக்கு இது உண்மையாகவே எட்டாதது. ஆனால் 1991-இலேயே மேக்ஸ் மோரிஸ் ஒரு மலிவான வழியைக் கொடுத்துவிட்டார். அளவுருவெளியில் பல இடங்களில் தொடங்கி, ஒவ்வொரு படியிலும் ஒன்றை மாற்றிக்கொண்டே நடந்து போவது அது. பத்துப் பாதைகள் என்றால் 20 அளவுருக்களுக்கு 210 கூட்டங்கள், 50 முறை வீதம் 10,500 ஓட்டங்கள். எந்த அளவுருவின் விளைவு இடத்துக்கு இடம் மாறுகிறது என்பதை அது காட்டிவிடும், அங்கேதான் நேர்கோடின்மையும் கூட்டுவிளைவும் இருக்கின்றன. 2014-இல் யான் தீலே, வின்ஃப்ரிட் குர்த், ஃபோல்கர் க்ரிம் மூவரும் நெட்லோகோ மென்பொருளில் எழுதிய மாதிரிகளை ஆர் நிரல்மொழியோடு இணைத்து இந்த முறைகள் எல்லாவற்றுக்கும் சமையல் குறிப்பு போலப் படிப்படியாக எழுதி, நிரல்களோடு இலவசமாக வெளியிட்டார்கள். அதற்குப் பிறகும் கருவி இல்லை என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

சொபோல் முறையையே எல்லாவற்றுக்கும் மருந்தாகக் காட்டுபவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. மாதிரியின் விடை பாதி ஓட்டங்களில் அழிவு, பாதி ஓட்டங்களில் நிறைந்த காடு என்று இரண்டாகப் பிளந்து நிற்கும்போது, மாறுபாட்டின் பங்கீடு என்ற எண் எந்த நிஜத்தையும் குறிப்பதில்லை. அந்த முறை வழக்கமாக அளவுருக்களை ஒன்றையொன்று சாராதவையாகக் கொள்கிறது. காட்டிலோ இரை குறைந்தால் குட்டிகளின் பிழைப்பும் தாயின் உடல்நிலையும் எல்லையின் பரப்பும் சேர்ந்தே மாறுகின்றன. கட்டற்ற கூட்டங்களை உற்பத்தி செய்தால், எந்தக் காட்டிலும் இருக்க முடியாத புலிகளைப் பற்றி மிகத் துல்லியமாகப் பேசிக்கொண்டிருப்போம்.

வேறொரு கூட்டம் இதையெல்லாம் கேட்டுவிட்டு, அப்படியானால் இத்தகைய மாதிரிகளையே கைவிடுங்கள் என்கிறது. 1997-இல் மேரி ரக்கல்ஸ்ஹாஸ், பீட்டர் கரைவா உள்ளிட்டோர், விலங்குகள் இடம்பெயர்வதைக் காட்டும் மாதிரிகளில் வழிச்சாவின் மதிப்பில் உள்ள சிறு பிழையும் விடையில் பெரும் பிழையாக வெடிக்கிறது என்று எழுதினார்கள். பலர் அதைத் தீர்ப்பாகவே எடுத்துக்கொண்டார்கள். இரண்டு ஆண்டுகளில் வுல்ஃப் மோயும் டொனால்ட் டிஏஞ்சலிஸும் அதைத் திரும்ப ஆராய்ந்து, பிழை அந்த அளவுக்குப் பெருகவில்லை என்று காட்டினார்கள். ஒரு முழு ஆய்வுத்துறையின் தகுதியைப் பற்றிய முடிவு, ஓர் உணர்திறன் கணக்கை எப்படிச் செய்தார்கள் என்பதைப் பொறுத்து இங்கும் அங்குமாக ஆடியது. இந்தக் கணக்கை அலட்சியமாகச் செய்யலாகாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

செய்யக்கூடியது என்ன என்பதற்கும் முன்னுதாரணம் இருக்கிறது. கிழக்கு ஆல்ப்ஸ் மலைகளில் பழுப்புக் கரடிகள் பரவுவதை ஆராய்ந்த தோர்ஸ்டன் வீகான்ட் குழுவினர் 2004-இல் முதலில் தங்கள் அறியாமையை முழு அகலத்துக்கும் திறந்துவிட்டார்கள். ஒவ்வோர் அளவுருவுக்கும் நியாயமான முழு வரம்பு கொடுத்து, எல்லாவற்றையும் ஒருசேர மாற்றி, ஏராளமான கூட்டங்களை ஓட்டினார்கள். விடையின் நிச்சயமின்மை மிகப் பெரிதாக இருந்தது. பிறகு ஆஸ்திரியாவில் கரடிகளைப் பற்றி உண்மையிலேயே அறிந்திருந்த தொகை அளவிலான ஐந்து கோலங்களை எடுத்து, அவற்றோடு ஒத்துப்போகாத கூட்டங்களைக் கழித்தார்கள். மிஞ்சியவற்றில் நிச்சயமின்மை வெகுவாகச் சுருங்கியது. நேரடியாக அளக்கவே முடியாத அளவுருக்களைக் களம் மறைமுகமாகக் கட்டுப்படுத்தியது. உணர்திறனை அதன்பிறகுதான் கேட்க வேண்டும்: காட்டோடு ஒத்துப்போகும் கூட்டங்களுக்குள், இன்னும் எது விடையைத் திருப்புகிறது? அதே கேள்வியை விதிகளை மாற்றியும் கேட்க வேண்டும். 2006-க்குப் பிறகு ஓடிடி (ODD) என்ற விவரிப்பு நெறிமுறையால் மாதிரிகளை விவரிப்பதில் ஓர் ஒழுங்கு வந்துவிட்டது. விவரிப்பில் காட்டிய கண்டிப்பைச் சோதிப்பதிலும் ஆய்விதழ்கள் காட்ட வேண்டும். வரம்பை எங்கிருந்து எடுத்தீர்கள், ஏன் இத்தனை ஓட்டங்கள், எந்த விதிக்கு எந்த மாற்றுவிதியை வைத்துப் பார்த்தீர்கள் என்பவற்றுக்கு விடையில்லாத கட்டுரையைத் திருப்பி அனுப்ப வேண்டும்.

கடைசியாக ஓர் எதிர்ப்பு. இதை என்னிடம் சொல்பவர்கள் காட்டை உண்மையாக நேசிப்பவர்கள், அதனால் அதைப் பொறுமையாகக் கேட்கிறேன். ‘நிச்சயமின்மையை இப்படி விரித்துக் காட்டினால், சுரங்கமும் நெடுஞ்சாலையும் கேட்பவர்கள் அதைப் பிடித்துக்கொள்வார்கள். விஞ்ஞானிகளுக்கே தெரியவில்லை என்பார்கள். தெளிவான ஓர் அட்டவணையாவது கையில் இருக்கட்டும்.’ பயம் நியாயமானது. ஆனால் அந்த அட்டவணை யாருக்கும் விசுவாசமானது அல்ல. இன்று வோர்டெக்ஸ் போன்ற தனியுயிர் மென்பொருள் எவருக்கும் கிடைக்கும். 1993-இல் சென்னையில் சிங்கவால் குரங்கைப் பற்றிக் கூடிய பயிலரங்கு போன்ற இடங்களில் வல்லுநர்கள் கையாண்ட கருவி அது, இப்போது ஆலோசனை நிறுவனங்களின் மேசையிலும் இருக்கிறது. சுரங்கத்துக்கு அனுமதி கேட்கும் நிறுவனத்தின் ஆலோசகர், கள்ளவேட்டைக்கும் இடம்பெயர்வுச் சாவுக்கும் தட்டையான பகுதியில் அடிப்படை மதிப்பை வைத்து, பத்து விழுக்காடு ஏற்றி இறக்கி, வழித்தடம் துண்டிக்கப்பட்டாலும் புலித்தொகை அசையவில்லை என்று அச்சிட்டுக் கொடுத்தால், அதில் ஒரு கூட்டல் பிழைகூட இருக்காது. நம்முடைய அட்டவணையும் அதே முறையில் ஆனது என்றால் அவருடையதை மறுக்க நமக்கு வாயில்லை. முழு வரம்பையும் ஓட்டிக் காட்டு, சேர்ந்து வரும் இழப்புகளைச் சேர்த்தே ஓட்டிக் காட்டு, வழித்தடம் அடைபட்டால் இளம்புலி என்ன செய்யும் என்ற விதியை மாற்றி ஓட்டிக் காட்டு என்று விசாரணையில் அவரைக் கேட்க வேண்டுமானால், அந்த வளைவுகளை நாம் முதலில் வெளியிட்டிருக்க வேண்டும்.